பீட்டில்ஸ் குழுவின் அரிய ஒலிப்பதிவுகளை வீட்டிலேயே தொகுத்து மீட்டெடுத்தல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பீட்டில்ஸ் குழுவின் வானொலிப் பதிவுகள், ரசிகர் மன்றத் தட்டுகள், இந்தியாவில் அச்சான 78 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 78 சுற்று) தட்டுகள் ஆகியவற்றைத் தேடிச் சேர்த்து, கணினிக்கு மாற்றிச் சீர்செய்யும் வேலையில் நான் மூன்று ஆண்டுகளைச் செலவிட்டிருக்கிறேன். அவற்றில் முதல் ஆண்டு முழுவதும் வீணாயிற்று. எல்லாரையும் போல நானும் இரைச்சலை நீக்குவதில்தான் தொடங்கினேன். ஒரு நாடாவின் படியை நான்கு மாதம் உட்கார்ந்து துடைத்து முடித்த பிறகே, அது தவறான வேகத்தில் ஓடிய படி என்பதும், அதிலிருந்த பதினொரு பாடல்களில் எட்டு ஏற்கெனவே நல்ல தரத்தில் அதிகாரபூர்வமாக வெளிவந்தவை என்பதும் தெரியவந்தன. கணினியில் இடம் போதவில்லை என்று மூலக் கோப்பை அதற்குள் அழித்துவிட்டிருந்தேன். கீழே உள்ள வரிசை அந்த இழப்பிலிருந்து வந்தது. வேறு எந்த அறுபதுகளின் குழுவை எடுத்துக்கொண்டாலும் இதே வரிசை பொருந்தும்.

1. எதைத் தேடுகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

"எல்லாவற்றையும் சேர்ப்பேன்" என்று இறங்கினால் பணம் முடிந்துவிடும், வேலை முடியாது. ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் குழுவைப் பொறுத்தவரை புதியவர்களுக்கு ஏற்ற வகைகள் மூன்று.

முதலாவது பிபிசி வானொலிப் பதிவுகள். 1962 மார்ச் 7 அன்று மான்செஸ்டரில் பதிவாகி மறுநாள் ஒலிபரப்பான நிகழ்ச்சியில் தொடங்கி 1965 ஜூன் வரை, 88 வெவ்வேறு பாடல்களை 275 முறை இந்தக் குழு பிபிசிக்காக வாசித்திருக்கிறது. 1963இல் மட்டும் 39 நிகழ்ச்சிகள். பிபிசி அந்த நாடாக்களில் பெரும்பாலானவற்றைப் பாதுகாக்கவில்லை. வீட்டில் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து யாரோ பிடித்து வைத்த பதிவுதான் பல பாடல்களுக்கு மிஞ்சிய சான்று. 1994இல் வந்த 'லைவ் அட் தி பிபிசி' தொகுப்பிலேயே அத்தகைய வீட்டுப் பதிவுகள் சில இடம்பெற்றிருக்கின்றன.

இரண்டாவது, 1963 முதல் 1969 வரை ஆண்டுக்கு ஒன்றாக ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கு அஞ்சலில் போன ஏழு கிறிஸ்துமஸ் தட்டுகள். இவை கையால் வளைக்கக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் தட்டுகள். 2017 டிசம்பரில் ஏழும் புதிய வினைல் தட்டுகளாக ஒரே பெட்டியில் வெளிவந்துவிட்டன. எனவே மூலத்தட்டைப் பெரும் விலை கொடுத்து வாங்கும் முன், உங்களுக்கு வேண்டியது ஒலியா, பொருளா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நமக்கு அருகில் இருப்பது. பிரிட்டனில் 78 ஆர்பிஎம் தட்டுகளின் காலம் முடிந்த பிறகே பீட்டில்ஸின் முதல் தட்டு வந்தது. ஆனால் மின்சாரம் எட்டாத வீடுகளில் சாவி கொடுக்கும் கிராமபோன்கள் பாடிக்கொண்டிருந்த இந்தியாவில், கொல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில், பார்லஃபோன் முத்திரையுடன் அவர்களுடைய பாடல்கள் ஷெல்லாக் (அரக்குக் கலவை) தட்டுகளாக அச்சாயின. உலகச் சேகரிப்பாளர்கள் இவற்றைத் துரத்தித் துரத்தி வாங்குகிறார்கள். நம் ஊரில் இன்னும் எங்கோ ஒரு பரணில் இருக்க வாய்ப்பு உண்டு.

2. வாங்கும் முன் பட்டியலைத் தயார்செய்யுங்கள்

இந்த வேலையின் முக்கால் பங்கு எழுத்து வேலை. ஒரு விரிதாளைத் திறந்து ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். பாடல், பதிவான நாள், ஒலிபரப்பான நாள், நிகழ்ச்சியின் பெயர், உங்கள் கையில் உள்ள படியின் வகை, அது எத்தனையாவது தலைமுறை (மூலத்திலிருந்து எத்தனையாவது படி), யாரிடமிருந்து எப்போது வந்தது, அதிகாரபூர்வமாக வெளிவந்துவிட்டதா, வெளிவந்திருந்தால் முழுமையாகவா என்ற நிரல்கள் கட்டாயம் வேண்டும்.

பதிவான நாளும் ஒலிபரப்பான நாளும் வெவ்வேறு என்பதை மறப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஒரே பாடலை ஒரே ஆண்டில் பல நிகழ்ச்சிகளுக்கு வாசித்திருப்பார்கள். ஒரு பட்டியல் பதிவு நாளையும் இன்னொரு பட்டியல் ஒலிபரப்பு நாளையும் தந்தால், ஒரே வாசிப்பு இரண்டாகத் தோன்றும், அல்லது இரண்டு வாசிப்புகள் ஒன்றாகக் கலந்துவிடும். சந்தேகம் வந்தால் இரண்டு கோப்புகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, முதல் தாளத்தில் பொருத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரே வாசிப்பானால், வேக வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகு, மேள அடிகள் கடைசி வரை ஒன்றன்மேல் ஒன்றாக விழும். வெவ்வேறானால் இருபது நொடிக்குள் விலகத் தொடங்கிவிடும்.

"வெளிவந்துவிட்டது" என்ற குறிப்பையும் அப்படியே நம்ப வேண்டாம். இவர்கள் 'குவாரிமென்' என்ற பெயரில் 1958இல் லிவர்பூலில் 17 ஷில்லிங் 6 பென்ஸ் கட்டணத்துக்கு வெட்டிய ஒற்றைத் தட்டின் பாடல்கள் 1995இல் 'ஆந்தாலஜி 1' தொகுப்பில் வந்தன. ஆனால் அவற்றுள் ஒன்றை நீளம் குறைத்தே வெளியிட்டார்கள். உங்கள் பட்டியலில் "வெளிவந்தது, சுருக்கப்பட்டது" என்று ஒரு குறியீடு இருக்கட்டும்.

இந்தப் பட்டியலை ஓரளவு நிறைவு செய்ய எனக்கு ஆறு வாரம் பிடித்தது. அந்த ஆறு வாரத்தில் ஒரு பைசாவும் செலவழிக்கவில்லை. ஏற்கெனவே வெளிவந்த தொகுப்புகளை முதலில் வாங்கிக் காதில் ஏற்றிக்கொள்வது, பின்னால் தேவையற்ற வாங்கல்களைத் தடுக்கும். 1994 தொகுப்பும், 2013இல் வந்த அதன் இரண்டாம் பகுதியும், அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று இணையத்தில் மட்டும் வெளியான 59 பதிவுகளும் அடிப்படைத் தேவைகள்.

3. வாங்குதலும் இரவல் பெறுதலும்

பழைய தட்டுகளுக்குக் கொல்கத்தாவின் ஃப்ரீ ஸ்கூல் தெருவும் மும்பையின் சோர் பஜாரும் பெயர்போனவை. சென்னையில் மூர் மார்க்கெட் பக்கம் பொறுமையாகத் தேட வேண்டும். எங்கே வாங்கினாலும் தட்டைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஷெல்லாக் தட்டில் பள்ளங்கள் பளபளப்பு இழந்து சாம்பல் பூத்திருந்தால், எஃகு ஊசி அதைத் தின்றுவிட்டது என்று பொருள். கீறல் கண்ணை உறுத்தும், ஆனால் ஒலியில் அதைச் சரிசெய்யலாம். தேய்மானம் கண்ணில் படாது, சரிசெய்யவும் வராது. ஓரத்தில் மயிரிழை விரிசல் உள்ள தட்டைக்கூட நான் வாங்குவேன், சாம்பல் பூத்ததை வாங்க மாட்டேன்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், விற்பவரிடம் பொருளின் முழுப் பெயர், எண்ணிக்கை, விலை, "பயன்படுத்தப்பட்ட இசைத்தட்டு" என்ற விவரம் ஆகியவை கொண்ட விலைச்சீட்டைப் பொட்டலத்தின் வெளிப்புறத்திலேயே ஒட்டச் சொல்லுங்கள். என் பொட்டலம் ஒன்றில் "சேகரிப்புப் பொருள்" என்று மட்டும் எழுதியிருந்ததால், விளக்கம் கேட்டு 23 நாள் சுங்கத்தில் கிடந்தது. பணம் செலுத்திய ரசீதும் விற்பனைப் பக்கத்தின் அச்சுப்படியும் கையில் இருந்ததால்தான் வெளியே வந்தது. வரியைக் கணக்கிடும்போது அஞ்சல் செலவையும் மதிப்பில் சேர்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும் என்பதால், வாங்கும் நாளில் பார்த்துக்கொள்வதே சரி. வரியைத் தவிர்க்க "பரிசு" என்று பொய்யாக எழுதச் சொல்லாதீர்கள். பொருள் சேதமானால் காப்பீடும் கிடைக்காது.

நாடாக்களைப் பெரும்பாலும் இரவலாகத்தான் பெறுவீர்கள். அப்போது ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்: நாடா யாருடையது, என்ன நிலையில் உங்களிடம் வந்தது, படியெடுத்த கோப்பை நீங்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது. நெருங்கிய நண்பரானாலும் எழுதி வாங்குங்கள். பெட்டியின் ஆறு பக்கங்களையும், உள்ளே உள்ள கையெழுத்துக் குறிப்புகளையும், நாடாவின் விளிம்பையும் படமெடுத்து அந்தத் தாளோடு சேர்த்து வையுங்கள். பெட்டியில் எழுதியிருப்பது பல நேரம் உள்ளே இருக்காது. ஆனாலும் அந்தக் கையெழுத்து ஒரு சான்று.

எனக்கு முதலில் கிடைத்த நல்ல நாடா, லண்டனில் இருக்கும் நண்பரின் மாமனார் 1963 கோடையில் வானொலியிலிருந்து பிடித்தது. பாட்டின் நடுவே ஒரு பெண்குரல் தேநீர் வேண்டுமா என்று கேட்கிறது, அவர் "உஷ்" என்கிறார். இத்தகைய குடும்பக் குரல்கள் வேறு யாருக்கும் போகலாமா என்பதையும் அந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

4. சுத்தம் செய்தல்: இங்கேதான் பொருள் கெடும்

எந்தப் பொருளால் ஆனது என்று தெரியாமல் எதையும் துடைக்காதீர்கள்.

என்னிடம் வந்த முதல் டம்டம் தட்டை, வினைல் தட்டுகளைத் துடைக்கும் பழக்கத்தில், மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். பஞ்சு கருத்தது. இத்தனை அழுக்கா என்று மகிழ்ந்து இன்னொரு சுற்றுத் துடைத்தேன், மேலும் கருத்தது. மூன்றாவது பஞ்சில்தான் விரல் நுனியில் பிசுபிசுப்பு தட்டியது. கரைந்து வந்துகொண்டிருந்தது அழுக்கு அல்ல, தட்டு. ஷெல்லாக் ஆல்கஹாலில் கரையும். அந்தப் பக்கத்தில் இப்போது பாட்டைவிடச் சீறல்தான் அதிகம் கேட்கிறது. ஷெல்லாக்குக்கு வாலை வடிநீரும் அதில் ஓரிரு துளி மென்மையான சோப்புத் திரவமும் போதும். பள்ளத்தின் போக்கிலேயே மென்மையான தூரிகையால் துடைத்து, நடுச்சீட்டில் நீர் படாமல் கழுவி, நிழலில் காயவிடுங்கள்.

வினைலுக்கு நீரோடு சிறிதளவு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சேர்க்கலாம். அசிடேட் தட்டு என்று அழைக்கப்படும், உலோகத் தகட்டின் மேல் அரக்குப் பூசி ஒரே ஒரு படியாக வெட்டிய தட்டு கிடைத்தால், நீங்கள் எதையும் செய்ய வேண்டாம். அது ஒவ்வொரு முறை ஓடும்போதும் தேய்வது. மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் பூச்சு சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பணம் செலவானாலும் அதைத் தொழில்முறை ஆவணக்காப்பாளரிடமே கொடுங்கள்.

நாடாக்களில், ஸ்பூலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சுற்றிய நாடாவின் ஊடாக வெளிச்சம் தெரிந்தால் அது அசிடேட் நாடா. தெரியாவிட்டால் பெரும்பாலும் பாலியெஸ்டர். அறுபதுகளின் வீட்டு நாடாக்களில் அசிடேட் நிறைய. அது காய்ந்து முறுக்கிக்கொள்ளும், இழுத்தால் பட்டென்று அறும். ஆனால் அறுந்த இடம் சுத்தமாக ஒட்டும். பாலியெஸ்டர் அறாமல் நீண்டுவிடும், நீண்டது நீண்டதுதான். ஸ்பூலைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அசிடேட் சிதைகிறது. அதை மற்ற நாடாக்களிலிருந்து பிரித்து வைத்து, முதல் வேலையாகப் படியெடுங்கள். ஒட்டும் நாடாவை அடுப்பில் சூடாக்கிச் சரிசெய்யலாம் என்று எங்காவது படித்திருப்பீர்கள். அது எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த சில பாலியெஸ்டர் நாடாக்களுக்கான முறை. அசிடேட் நாடாவைச் சூடாக்கினால் மிச்சம் எதுவும் இருக்காது.

நம் கடற்கரை ஊர்களுக்கே உரிய சிக்கல் பூஞ்சை. நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி போல் தெரிந்தால் முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, உலர்ந்த மென்துணியால் மெதுவாகத் துடைத்துச் சுற்றுங்கள். அந்த நாடாவை ஓட்டிய கருவியின் பாதையைத் துடைக்காமல் அடுத்ததைப் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் நான் எந்த நாடாவையும் பெட்டியிலிருந்து எடுப்பதில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வைத்துவிட்டு அந்த மாதங்களைப் பட்டியல் வேலைக்குக் கொடுத்துவிடுகிறேன்.

5. கருவிகளும் செலவும்

நான் செலவிட்டதைச் சொல்கிறேன், விலைகள் ஊருக்கும் அதிர்ஷ்டத்துக்கும் ஏற்ப மாறும். 78 வேகமும் உள்ள பழைய டர்ன்டேபிள் ரூ. 18,000, ஒலியைக் கணினிக்கு மாற்றும் இடைமுகக் கருவி ரூ. 11,000, 78 தட்டுக்கான தனி ஊசி ரூ. 4,500, இரண்டு வெளிச்சேமிப்பு வட்டுகள் ரூ. 12,000. ஆக, தட்டுகளோடு நிறுத்திக்கொண்டால் ரூ. 45,500. ஸ்பூல் நாடாவுக்கு இறங்கினால், அதை ஓட்டும் பழைய டெக் ரூ. 42,000, அதைப் பழுதுபார்க்க ரூ. 9,000 என்று செலவு இரட்டிப்பாகும். ஒரே ஒரு நாடா வைத்திருப்பவர் டெக் வாங்க வேண்டாம், கூலி கொடுத்துப் படியெடுப்பதே மலிவு. மென்பொருளுக்கு ஆடாசிட்டி இலவசம், முதல் ஆண்டுக்கு அது தாராளமாகப் போதும்.

தனி ஊசி ஏன் என்று கேட்கலாம். எல்பி ஊசியின் (வழக்கமான வினைல் தட்டுக்கான ஊசியின்) முனை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சுமார் 0.7 பங்கு, 78 தட்டுக்குச் சுமார் 3 பங்கு. எல்பி ஊசியைப் போட்டால் அகன்ற பள்ளத்தின் அடியில் புழுதியை உழுதுகொண்டு போகும். சற்றே வேறுபட்ட அளவுகளில் இரண்டு மூன்று ஊசிகள் கிடைத்தால் இன்னும் நல்லது. எஃகு ஊசி தேய்த்த உயரத்துக்கு மேலோ கீழோ தேயாத சுவர் கொஞ்சம் இருக்கும், அதைத் தொடும் ஊசியில் பாட்டு திடீரென்று திறந்துகொள்ளும்.

78 வேகம் இல்லாத டர்ன்டேபிளில் 45இல் ஓட்டிவிட்டுக் கணினியில் வேகத்தைக் கூட்டலாம் என்ற யோசனையில் ஒரு பொறி இருக்கிறது. டர்ன்டேபிளோடு வரும் முன்பெருக்கி, எல்பிக்கான சமன்பாட்டை (தாழ்ந்த ஒலியைக் கூட்டி, உயர்ந்த ஒலியைக் குறைக்கும் திருத்தத்தை) அந்தத் தவறான வேகத்திலேயே போட்டுவிடும். பின்னால் வேகத்தைக் கூட்டும்போது அந்தத் திருத்தம் எல்லா அலைவரிசையிலும் இடம் மாறி நிற்கும். சமன்பாடு எதுவும் இல்லாமல் தட்டையாகப் பதிவுசெய்யும் வசதி இருந்தால் மட்டுமே அந்த வழியில் போகலாம்.

6. படியெடுத்தல்

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் வடிவம். இதற்குக் கீழே இறங்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 ஜிபி ஆகும், இன்றைய வட்டுகளில் அது ஒன்றுமில்லை. உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூலம் மோனோவாக இருந்தாலும் இரண்டு தடங்களாகவே பதியுங்கள். தட்டில் ஒரு சுவர் மற்றதைவிடக் குறைவாகத் தேய்ந்திருக்கும், பின்னால் நல்ல பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் கூட்டிவிட்டாலே கீழ்மேலாக வரும் உறுமல் பெருமளவு கழிந்துவிடும்.

நாடாவை ஓட்டும் முன் டெக்கின் தலைப்பகுதியை (நாடாவைத் தொட்டு ஒலியை எடுக்கும் பகுதியை) ஆல்கஹாலால் துடைத்து, காந்தநீக்கம் செய்து, பிறகு தலையின் சாய்வைச் சரிசெய்யுங்கள். இதற்கு அளவுக் கருவி வேண்டாம். இரண்டு தடங்களையும் மோனோவாகக் கூட்டிக் கேட்டுக்கொண்டே, சாய்வுத் திருகை இம்மி இம்மியாகத் திருப்புங்கள். சிம்பலின் ஓசையும் "ஸ" எழுத்தின் கூர்மையும் எங்கே மிகுதியாக வருகின்றனவோ அதுதான் இடம். அடுத்த நாடாவுக்கு இதை மறுபடி செய்ய வேண்டும், ஏனெனில் அதைப் பதிந்த கருவியின் சாய்வு வேறாக இருக்கும். இங்கே தவறவிட்ட கூர்மையை எந்த மென்பொருளும் பின்னால் திருப்பித் தராது.

வீட்டுக்காரர்கள் நாடாவை மிச்சம்பிடிக்க இரு திசையிலும் பதிந்திருப்பார்கள். பாட்டுக்கு அடியில் தலைகீழாக யாரோ பேசுவது கேட்டால் உங்கள் டெக்கின் தடவகை (நாடாவின் அகலத்தில் எந்தத் தடங்களைப் படிக்கிறது என்பது) பொருந்தவில்லை. மெல்லிய கிறிஸ்துமஸ் தட்டுகளை ஒரு கனமான எல்பியின் மேல் வைத்து, வழுக்காமல் இருக்க நடுச்சீட்டின் மேல் ஒரு நாணயம் வைத்து ஓட்டுங்கள்.

மின்வெட்டு நேரத்தைத் தவிர்த்துப் படியெடுங்கள். இன்வெர்ட்டருக்கு மாறும் கணத்தில் விழும் "டப்" ஓசை என் இரண்டு கோப்புகளில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது.

7. வேகம்

இதைச் செய்யாமல் எட்டாம் படிக்குப் போகவே கூடாது. இதில் எனக்கு நான்கு மாதம் போயிற்று.

வீட்டு ரெக்கார்டர்கள் சரியான வேகத்தில் ஓடியதில்லை. படியின் படி என்று போகப் போகத் தவறு கூடிக்கொண்டே வரும். காதால் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். மூன்று விழுக்காடு ஏறினால் சுருதி கால் கட்டை ஏறும். கேட்டுப் பழகினால் அதுவே சரியென்று தோன்றிவிடும்.

உறுதியான அளவுகோல்கள் சில உண்டு. பிபிசி மணி அடிக்கும் ஆறு "பீப்" ஓசைகள் நாடாவில் சிக்கியிருந்தால் உங்களுக்கு யோகம். அவை 1,000 ஹெர்ட்ஸ். அந்தத் துண்டை மட்டும் தேர்ந்து அலைவரிசைப் பகுப்பாய்வில் பாருங்கள். 1,031 என்று காட்டினால் கோப்பை 0.970ஆல் பெருக்கிய வேகத்துக்கு இறக்க வேண்டும், அவ்வளவுதான். போலியைப் பிடிக்கவும் இது உதவும். ஆறாவது பீப் மற்றவற்றைவிட நீளமாக ஒலிக்கும் வழக்கம் 1971 டிசம்பர் 31 அன்றுதான் தொடங்கியது. "1963 மூலநாடா" என்று விற்கப்படுவதில் கடைசி பீப் நீண்டால், பணப்பையை மூடிவிடுங்கள்.

பீப் இல்லாவிட்டால் மின்னோட்ட உறுமல். பிரிட்டனில் பதிவானதில் அது 50 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்க வேண்டும். இந்தியாவில் நமக்கு ஒரு தொல்லை, நம் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நம் கருவியின் உறுமல் அதன் பக்கத்திலேயே நிற்கும். நாடாவை ஓட்டாமல் முப்பது நொடி பதிந்து பாருங்கள். அதிலும் தெரிவது உங்கள் வீட்டு உறுமல், ஓடும்போது மட்டும் தெரிவது நாடாவினுடையது. நான் முதல் தடவை என் வீட்டு உறுமலை வைத்து "வேகம் மிகச் சரி" என்று முடிவுகட்டியிருந்தேன்.

மூன்றாவது வழி வாத்தியம். கிட்டாரை நம்பாதீர்கள், நால்வரும் தங்களுக்குள் மட்டும் சேர்த்துக்கொண்டு வாசித்திருக்கலாம். குழுவின் ஜான் லெனான் ஆரம்ப காலப் பாடல்களில் வாசித்த மவுத் ஆர்கனை நம்புங்கள். அதன் சுருதியை மேடையில் யாரும் முறுக்க முடியாது. வெளிவந்த ஸ்டுடியோப் பதிவோடு ஒப்பிட்டு வேகத்தைச் சரிசெய்வதும் தவறு, ஸ்டுடியோவில் வேண்டுமென்றே வேகத்தை மாற்றிய பாடல்கள் உண்டு.

எந்த அளவுகோலை வைத்து எத்தனை விழுக்காடு திருத்தினீர்கள் என்பதைப் பட்டியலில் எழுதுங்கள்.

8. இரைச்சல் நீக்கம்

இசைத்தட்டுக்கு மட்டும் ஒரு விலக்கு: "கிளிக்" ஓசைகளை வேகத்தைத் தொடும் முன்பே நீக்கிவிட வேண்டும், ஏனெனில் வேறு எந்தச் செயலும் அந்தக் கூரான ஓசையைப் பரப்பி, கண்டுபிடிக்க முடியாதபடி செய்துவிடும். மற்றபடி வேகம், உறுமல், வானொலி விசில், கடைசியாகச் சீறல் என்று போங்கள். நீண்ட, நடுத்தர அலை வானொலியிலிருந்து பிடித்த பதிவுகளில் பக்கத்து நிலையத்தால் எழும் நிலையான விசில் இருக்கும். மிகக் குறுகிய வடிகட்டியால் அந்த ஒரு கோட்டை மட்டும் வெட்டுங்கள். அதற்கு மேல் உள்ள அலைவரிசையில் பாட்டே இருக்காது, அங்கே கூர்மையைக் கூட்டினால் வெறும் மணல்தான் கொட்டும்.

சீறலை 4 முதல் 6 டெசிபெல் வரை குறைத்தால் போதும். ஒவ்வொரு முறையும் நீக்கப்பட்ட பகுதியைத் தனியாகக் கேட்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். நீக்கிய குப்பையில் குரலின் நிழலோ, மேளம் வாசித்த ரிங்கோவின் சிம்பல் அதிர்வோ கேட்டால் நீங்கள் பாட்டைத் தின்றுகொண்டிருக்கிறீர்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து போய்விட்டு வாருங்கள். களைத்த காது எப்போதும் இன்னும் கொஞ்சம் துடைக்கச் சொல்லும்.

குரலையும் வாத்தியங்களையும் பிரிக்கும் இயந்திரக் கற்றல் முறையால், லெனானின் பழைய கேசட்டிலிருந்து குரலைப் பிரித்து 2023இல் ஒரு புதிய பாடலையே வெளியிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் இப்போது தங்கள் நாடாக்களையும் அப்படிப் பிரிக்கிறார்கள். செய்து பாருங்கள், எனக்கும் ஆசைதான். ஆனால் அது உங்கள் தொகுப்பின் மூலம் ஆகாது, "பிரித்தது" என்று பெயரில் எழுதித் தனி அடைவில் வையுங்கள். 1962 டிசம்பரில் ஹாம்பர்க் ஸ்டார் கிளப்பில் ஒற்றை மைக்கைக் கொண்டு வீட்டு ரெக்கார்டரில் பிடித்த நாடா போன்ற பதிவில், இந்த முறை இல்லாத சொற்களைக்கூட உருவாக்கிவிடும்.

நேரக் கணக்கு: ஒரு மணி நேர நாடாவுக்குத் தயாரிப்பு இரண்டு மணி, படியெடுப்பு ஒரு மணி, வேகம் கண்டறிய ஒரு மாலை, இரைச்சல் வேலை பதினைந்து முதல் இருபது மணி. வார இறுதிகளில் மட்டும் செய்பவருக்கு ஒரு நாடாவுக்கு ஒரு மாதம்.

9. கோப்புகள்

மூன்று அடைவுகள் போதும்: தொடாத மூலம், வேகம் திருத்தியது, சீர்செய்தது. முதல் அடைவைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். கோப்பின் பெயர் ஒலிபரப்பு ஆண்டு, மாதம், நாள், நிகழ்ச்சி, பாடல், மூலத்தின் எண் என்ற வரிசையில் அமையட்டும். கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணை உருவாக்கி உடன் வையுங்கள். இரண்டு வட்டுகளில் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். பகிர்வதற்குத் தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவம், எம்பி3 ஒருபோதும் வேண்டாம். எம்பி3இலிருந்து மறுபடி வேவ் ஆக்கியதை "மூலம்" என்று கொடுப்பவர்களை, அலைவரிசை வரைபடத்தில் 16 கிலோஹெர்ட்ஸை ஒட்டிச் சுவர் போல் நிற்கும் வெட்டைப் பார்த்தே பிடித்துவிடலாம்.

10. உரிமை

பாடலின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். பாடலின் உரிமையோ படைப்பாளியின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும், கூட்டுப் படைப்பானால் கடைசியாக இறப்பவரைக் கொண்டு கணக்கிடுவது. குழுவின் பெரும்பாலான பாடல்களை எழுதிய இருவரில் லெனான் 1980இல் மறைந்தார், மெக்கார்ட்னி இருக்கிறார். ஆகவே 1963 தட்டின் ஒலிப்பதிவு உரிமைக் காலம் முடிந்தது என்று யாராவது சொன்னாலும் பாட்டு முடிந்துவிடவில்லை. ஐரோப்பாவில் வெளிவந்த ஒலிப்பதிவுகளுக்கு 70 ஆண்டுகள், ஐம்பது ஆண்டுக்குள் வெளியிடாவிட்டால் உரிமை போகும். 2013 டிசம்பரில் 59 பதிவுகள் அவசரமாக இணையத்தில் வந்ததன் பின்னணி இதுதான். அமெரிக்காவிலோ இந்தக் காலத்துப் பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு உண்டு.

சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கும் படியெடுப்பதை நம் சட்டம் நியாயமான கையாளுகையாகக் கருதுகிறது. பொதுவில் ஏற்றுவதும் விற்பதும் அதில் அடங்காது. காணொளித் தளத்தில் ஏற்றியவர்களின் கணக்குகள் முடக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் உண்மையிலேயே வெளிவராத பதிவு இருப்பதாகத் தோன்றினால், ஒரு நிமிடத் துண்டைக்கூட இணையத்தில் போடாதீர்கள். நாடாவின் உரிமையாளரிடம் எழுதி வாங்கிய தாள், பெட்டியின் படங்கள், வேகத் திருத்தக் குறிப்பு, தொடாத மூலக் கோப்பு ஆகிய நான்கையும் ஒரே உறையில் சேர்த்து, உரிமையாளர் சார்பில் அவர் பெயரிலேயே கடிதம் எழுதி உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். மூல நாடாவை அஞ்சலில் அனுப்ப வேண்டி வந்தால், விமான நிலைய எக்ஸ்ரேயால் அது அழியாது, ஆனால் ஒலிபெருக்கி காந்தத்தின் பக்கத்தில் வைத்துக் கட்டினால் அழியும். ஸ்பூலைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்துக் கட்டுங்கள்.